ஓல்டானும் என் டிபன் பாக்ஸ் மூடியும்

எண்ணூர் முதல் ராயபுரம் வரை ஓடுகிற டிரெய்லர் லாரிகள் அத்தனையையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எல்லா டிரைவர்களையும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கச் சொன்னாலும், ஓல்டான் என்ற ஒரே ஒரு மனிதர் எனக்குக் கொடுத்த தலைவலியில் பாதிகூட வராது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் திருவொற்றியூரில் எங்கள் யார்டுக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். வரும்போது கையில் எவர்சில்வர் பாத்திரம் எதுவும் எடுத்துவர வேண்டாம். அது மட்டும் என் அன்பான எச்சரிக்கை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் வாய்திறந்து கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் செய்த வேலையே அவர் பெயராகிவிட்டது. துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களில் சரக்கை ஏற்றி இறக்கும் இடம் எங்கள் யார்டு. கிடங்கை ஒட்டி மார்பளவு உயரத்தில் ஒரு சிமெண்ட் மேடை இருக்கும். அதைத்தான் நாங்கள் டாக் என்போம். நாற்பதடி டிரெய்லர் ரிவர்ஸில் வந்து அந்த மேடையோடு ஒட்டி நிற்க வேண்டும். முன்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. அதனால் ஓர் ஆள் வண்டிக்குப் பின்னால் நின்று, அதன் உடம்பில் டப் டப் டப் என்று தட்டிக்கொண்டே, "வர்லாம், வர்லாம்" என்று கத்துவார். தட்டு விழுந்துகொண்டே இருந்தால் வா என்று பொருள். இடம் முடிந்ததும் ஓங்கி ஒரே ஓர் அறை, கூடவே "ஓல்டான்!" என்று ஒரு கத்தல். வண்டி நின்றுவிடும். ஆங்கிலத்து 'ஹோல்ட் ஆன்' எங்கள் யார்டில் தேய்ந்து அப்படி ஆகியிருந்தது.

இருபது வருடம் இதையே செய்த மனிதருக்கு அது வேலையா, வியாதியா என்று சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் வழிகாட்டுவார். டீக்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டால் பின்னால் போய் நின்று, "வா, வா, லெஃப்ட்ல ஒடி" என்பார். நான் மேஜைக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டால், "இன்னும் கொஞ்சம் வா சார்... ஓல்டான்!" என்பார். காலையில் தன் மொபெட்டைத் தானே பின்னுக்குத் தள்ளி நிறுத்தும்போது, தனக்குத் தானே "வர்லாம், வர்லாம்" சொல்லிக்கொள்வார். அந்தச் சத்தம் கேட்டால் மணி ஒன்பது. ஒருமுறை யார்டு ஆள் ஒருவரின் கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். மாப்பிள்ளை தாலி கட்டக் குனிந்த நேரத்தில் முதல் வரிசையிலிருந்து, "ரைட்ல கொஞ்சம்... வா வா... ஓல்டான்!" என்று ஒரு குரல். மாப்பிள்ளை நிஜமாகவே நின்றுவிட்டார். பெண்ணின் தாய்மாமன் எங்களைப் பார்த்த பார்வையில், பந்தியில் உட்காராமலே திரும்பி வந்தோம்.

அவருடைய இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் இருந்தன. மற்ற மூன்றும் போனது எங்கள் மூன்றாம் நம்பர் டாக்கில், பட்டப்பகலில். வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அவர் கை மேடையின் விளிம்பில் இருந்தது. "ஓல்டான்" என்று உரக்கத்தான் கத்தியிருக்கிறார். அதே நொடியில் பக்கத்தில் கிரேனின் சைரன் ஒலித்தது. டிரைவருக்குக் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தவரை, மேனேஜர் கேட்டில் வண்டி நம்பர் எழுதும் வேலைக்குப் போட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை, வெயில் படாத இடம். ஆனால் ஓல்டானின் கண் மட்டும் எப்போதும் டாக்கின் மேலேயே இருக்கும். வேறொரு ஆள் வண்டிக்குப் பின்னால் போய் நிற்கும் ஒவ்வொரு முறையும் இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். டாக் பொறுப்பாளன் நான் என்பதால், எழுந்தவர் நேராக என்னிடம்தான் வருவார்.

இந்த நிலையில்தான், ஒரு பொங்கல் சமயத்தில், நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் இரண்டு வானத்தில் ஒன்றோடொன்று இணைந்தன. நாடே சந்தோஷப்பட்டது. நானும் பட்டேன். லீவு முடிந்து யார்டுக்குப் போகிறவரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

"சார், பாத்தியா சார்? மேல ரெண்டு வண்டி. ஒண்ணு பின்னால ஒண்ணு. இடிக்காம கொள்ளாம அப்டியே ஒட்டிகிச்சு. பின்னால நின்னு வர்லாம் வர்லாம்னு கத்துறதுக்கு ஒரு ஆளு கீறானா அங்க?"

"இல்லைய்யா."

"அப்ப இங்க மட்டும் இன்னாத்துக்கு சார் ஆளு?"

நான் பதில் தேடுவதற்குள் அவர் விரலை மடக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு விரல்தான் என்பதால் சீக்கிரம் வலது கைக்கு மாறினார். "ராக்கெட்டுக்கு சென்சார் கீது. ஹார்பர்ல கப்பல் வந்து ஒதுங்குறதுக்கு லேசர் கீது. மேனேஜர் காருக்குப் பின்னால பீப் பீப்புன்னு ஒண்ணு கீது. நடுவுல இந்த டிரெய்லருக்கு மட்டும் இன்னா சார் கீது? மனுசன் கீறான்."

அன்றிலிருந்து அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் "மேல இன்னா பண்றான்னா" என்றுதான் தொடங்கும். மேனேஜரின் அறையும் மாடியில்தான் இருந்தது. புதிதாக வந்த டிரைவர்கள் பலர், மேனேஜர்தான் ஏதோ பண்ணுகிறார் என்று நினைத்துத் தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டார்கள்.

மேலே என்ன பண்ணுகிறார்கள் என்பதை அவர் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பார்த்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா? ஒரு திங்கட்கிழமை காலை நான் போனபோது, டாக்குக்கு முன்னால் தரையில் சுண்ணாம்பில் மூன்று கோடுகள். கேட்டிலிருந்து எழுந்து வந்து, ஒவ்வொரு கோட்டிலும் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இது இன்னாண்ணா, டோல்கேட்டா?" என்று கேட்டான் செல்வம். கத்திவாக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பையன். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார், இவன் டிரெய்லர் ஓட்டுகிறான். எங்களிடம் இருந்த டிரைவர்களிலேயே கை தேர்ந்தவன்.

"மேல இன்னா பண்றான்னா மாமு, ஒரே மூச்சுல வர மாட்டான். கொஞ்ச தூரம் வருவான், நிப்பான், எல்லாம் சரியா கீதான்னு பாப்பான். அப்பால கொஞ்ச தூரம். கடசீல எறும்பு ஊர்ற மாரி வருவான். நீயும் நின்னு யோசிச்சு வா."

"இன்னாண்ணா யோசிக்கிறது?"

"வூட்டப் பத்தி யோசி."

செல்வம் வீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது அவனுக்குப் பின்னால் பதினோரு டிரெய்லர்கள் நின்றன. வரிசை கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய், அங்கே ஒரு மாநகரப் பேருந்தை மறித்து, பயணிகள் இறங்கி வந்து என்னைத் திட்டினார்கள். சுண்ணாம்புக் கோடுகளை நானே தண்ணீர் ஊற்றி அழித்தேன். நான் அழிக்கும்போதும் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் ரைட்ல ஊத்து சார்" என்றார்.

அடுத்தது சென்சார். வார விடுமுறையில் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய கார்களின் பின்பக்கத்திலிருந்து கழற்றிய சென்சார்களைப் பை நிறைய வாங்கி வந்தார். எங்கிருந்தோ தச்சர்கள் தூரம் அளக்கும் சின்ன லேசர் ஒன்றும் வந்தது. தூரத்துக்கு லேசர், கிட்ட வந்ததும், காதுக்குக் கேட்காத சத்தம் அனுப்பி எதிரொலியை வைத்து அளக்கிற கார் சென்சார் என்று எனக்கு விளக்கினார். மேலேயும் தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு விதமாகத்தான் வைத்திருக்கிறார்களாம். எலெக்ட்ரிக்கல் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்து, வண்டிக்குள் டிரைவர் கேபினில் ஒலிக்க ஒரு பீப்பரும் வைத்துவிட்டார்.

அந்த வாரம் ஒருநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸுக்கு மூடி இல்லை. குழம்பு சாதத்தின் மேல் ஈ. யார்டு முழுக்கத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தேன். மூன்றாம் நம்பர் டாக்கின் சுவரில், நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கி, லாரிகளின் பின்னால் ஒட்டுகிற சிவப்பு வெள்ளை ஸ்டிக்கர் மேலே ஒட்டி, என் வீட்டு மூடி பளபளத்துக்கொண்டிருந்தது.

"யோவ், என்னய்யா இது?"

"டார்கெட்டு சார். லேசர் போயி அதுல பட்டுத் திரும்பி வரணும். மேலயும் எதுக்கால நிக்கிற வண்டில பளபளன்னு ஒண்ணு வச்சிருப்பான்."

"ஸ்டிக்கர்தானே பளபளக்குது? அத சுவத்துல நேரா ஒட்ட வேண்டியதுதானே? என் மூடி எதுக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வட்டமா கீதுல்ல சார். மேலயும் வட்டந்தான்."

அன்று மாலை காலடிப்பேட்டையில் என் வீட்டில், "மூடி எங்க?" என்று மனைவி கேட்டாள். விண்வெளி ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அடுத்த ஒரு வாரம் அவள் என்னிடம் பேசவில்லை. மூடி அவள் அம்மா கொடுத்த சீர்வரிசையில் வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவு ஆனபின், ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று மேனேஜர் இறங்கி வந்தார். அவரை இறக்கிக் கூட்டி வந்தவன் நான்தான். பார்த்தால் சலித்துப்போய் ஒரேயடியாக வேண்டாம் என்பார், எனக்கு விடுதலை என்று கணக்குப் போட்டிருந்தேன். செல்வத்தின் வண்டியில் டப்பாவைப் பொருத்தினார்கள். வண்டிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. யார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வண்டி நகர்ந்தது. பீப்... பீப்... பீப் என்று நிதானமாக ஒலித்தது. நெருங்க நெருங்க, பீப் பீப் பீப் என்று வேகம் கூடியது. நிற்கச் சொல்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது. வண்டி நிற்கவில்லை. பீப் இன்னும் வேகமானது. வண்டியும் இன்னும் வேகமானது. பீபீபீபீ என்று டப்பா அலற, செல்வம் நாற்பதடி டிரெய்லரைக் கொண்டுபோய் டாக்கில் டமார் என்று இடித்தான். மேடையின் ரப்பர் கட்டை பிய்ந்து மேனேஜரின் காலடியில் வந்து விழுந்தது. என் மூடி நெளிந்தது.

"டேய், அது அவ்ளோ கத்துது, நிறுத்த மாட்டியா?" என்றேன்.

செல்வம் இறங்கி வந்தான். அவன் முகத்தில் உண்மையான வருத்தம். "இன்னா சார் சொல்றீங்க? அது தட்டிகினே கீது சார். வா வா வான்னு தட்டிச்சு. வேகமாத் தட்டிச்சு. நானும் வேகமா வந்தேன். ஓல்டான்னு ஒரு வார்த்த சொல்லலியே!"

பத்து வருடமாக அவன் காதுக்குப் பழகிய பாஷை அதுதான். தட்டு விழுந்தால் வரலாம். வேகமாக விழுந்தால் தாராளமாக வரலாம். மேனேஜர் காலடியில் கிடந்த ரப்பரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அடுத்த பொங்கல் வரைக்கும் பாக்கறேன். இன்னொரு தடவ எங்கயாவது இடிச்சுது, இந்த டப்பாவும் யார்டுக்குள்ள இருக்கக் கூடாது, இந்த ஆளும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சாயங்காலம் கேட்டருகே ஓல்டான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக என்னைப் பார்த்தால் எழுந்திருப்பவர், எழுந்திருக்கவில்லை.

"போதும்யா, விட்டுடு. பேசாம நம்பர எழுதிக்கினு வேலையக் காப்பாத்திக்கோ" என்றேன். அவரோடு பேசிப் பேசி என் வாயிலும் அந்தத் தமிழ் வந்துவிட்டிருந்தது.

அவர் தன் இடது கையைப் பார்த்தார். "அன்னிக்கி நான் கத்துனேன் சார். நல்லாத்தான் கத்துனேன். அவனுக்குக் கேக்கல. அவன் மேல தப்பு இல்ல." பிறகு தலையைத் தூக்கினார். "கேக்கலன்னா அவன் நின்னுருக்கணும்ல சார்?"

"கேட்டாத்தானய்யா நிப்பான்?"

"அதான் சார் ராங்கு! நிக்கிறதுக்கு சத்தம் குடுத்தா, சத்தம் கேக்கலன்னா வந்துகினே இருப்பான். வர்றதுக்குத்தான் சத்தம் குடுக்கணும். சத்தம் நின்னுச்சா, வண்டி நிக்கணும். ஒயர் அறுந்துச்சா, சத்தம் வராது, நிக்கும். பேட்டரி பூட்ச்சா, நிக்கும். சைரன் அட்ச்சா, ஒண்ணும் கேக்காது, நிக்கும். மேலயும் அப்டித்தான் சார், எதுனா கோளாறுன்னா இருக்கிற எடத்துலயே நின்னுடும்!"

மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று முதல்முறையாக அவர் "வர்லாம்" சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

புது ஏற்பாட்டை ஓட்டிப் பார்த்த மாதங்கள் எனக்கு நரகம். டப்பா தட்டிக்கொண்டே இருக்கும், இடம் முடிந்தால் சட்டென்று ஊமையாகிவிடும். ஊமையானால் டிரைவர்கள் நின்றார்கள். அதில் குறையே இல்லை. ஆனால் காகம் குறுக்கே பறந்தாலும் ஊமையாகும். நாய் படுத்தாலும் ஊமையாகும். ஒருநாள் பறந்து வந்த பிளாஸ்டிக் பைக்காக நாற்பதடி வண்டி மரியாதையாகக் காத்திருந்தது. ஒவ்வொரு முறையும் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். போதாததற்கு அவர் ஒரு சட்டமும் போட்டிருந்தார். எந்தக் காரணத்துக்கும் யாரும் வண்டிக்கும் டாக்குக்கும் நடுவே போகக் கூடாது. மேனேஜரே ஆனாலும். இதை எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை சொன்னார்.

போகி வந்தது. எங்கள் பக்கத்துப் போகியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பாய், பழைய டயர் என்று விடிவதற்குள் எல்லாம் எரித்து, காலை எட்டு மணிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவர் முகம் தெரியாது. நான் கிளம்பும்போது மனைவி கம்பளி ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, "நாளைக்குப் பொங்கல். அந்த மூடி இல்லாம வீட்டுக்கு வராதீங்க" என்றாள்.

எனவே நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு மூன்றாம் நம்பர் டாக்குக்குப் போனேன். புகையில் டாக்கைத் தடவித் தடவித்தான் மூடியைக் கண்டுபிடித்தேன். மூன்று ஸ்க்ரூ கழன்றது. நான்காவது துருப்பிடித்து அடம்பிடித்தது. யார்டு முழுக்க வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. எது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை, நான் கவனிக்கவும் இல்லை. பீப்பரோ டிரைவர் கேபினுக்குள் இருந்தது. அங்கே அது வா, வா என்று தட்டிக்கொண்டிருந்தது அந்த உறுமலில் எனக்கு எப்படிக் கேட்கும்?

முதுகுக்குப் பின்னால் பிரேக் புஸ்ஸென்று சத்தம் போட, திரும்பினேன். என் மூக்குக்கு நேரே டிரெய்லரின் பின்பக்க இரும்பு. என் முதுகுக்குப் பின்னால் சிமெண்ட் மேடை. நான் மேடையோடு மேடையாக ஒட்டிக்கொண்டேன். கத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வண்டி நின்றிருந்தது.

செல்வம் ஓடி வந்தான். "சார்! சத்தம் நின்னுச்சு, நின்னுட்டேன். நாயி பூந்துடுச்சோன்னு பாக்க வந்தா..." என் கையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

கேட்டிலிருந்து ஓல்டான் வந்தார். என்னைக் கட்டிக்கொள்வார், அல்லது கன்னத்தில் ஒன்று விடுவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகவே இருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

"எங்க நின்னுகினு இருந்தியோ, அங்கயே போயி நில்லு சார்."

நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள். என் வயிற்றுக்கும் வண்டிக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்தார். முகம் வாடிவிட்டது.

"நடுவுல எதுனா பூந்தா ரெண்டடில நிக்கணும்னு வச்சேன். ஒன்ற அடில நின்னுகீது. அர அடி தப்பு."

"யோவ், நான் உயிரோட இருக்கேன்யா!"

"அத்த யாரு சார் இல்லன்னா? புகையில லேசர் பேஜாராப் பூடும்னு தெரியும். கிட்டத்து சென்சாரு இன்னாத்துக்குத் தப்பாச்சுன்னுதான்..." என் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தார். முகம் தெளிந்தது. "தோ! கம்பளி. சத்தத்த உறிஞ்சிகிச்சு. திரும்பிப் போற சத்தம் கொஞ்சமாத்தான் போயிருக்கு. இனிமே இத்தப் போட்டுகினு யார்டுக்கு வராத சார்."

அப்போதுதான் கவனித்தேன். டேப்பை மடக்க முடியாமல் அவர் திரும்பத் திரும்பத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். நான் வாங்கி மடக்கிக் கொடுத்தேன்.

பொங்கல் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். "என்ன, அந்த டப்பா எங்கயும் இடிக்கலியே? வேணுமா, கழட்டிடலாமா?"

"இடிக்கல சார்" என்றேன். "இருக்கட்டும். எல்லா வண்டிக்கும் போட்டுடலாம்."

"நீங்கதானய்யா தினமும் வந்து புலம்புவீங்க?"

"பழகிடுச்சு சார்."

அதன்பிறகு எங்கள் யார்டில் வண்டிக்குப் பின்னால் ஆள் நிற்கவில்லை. விஷயம் பரவி, எண்ணூர்ப் பக்கம் ஒரு பெரிய யார்டில் ஓல்டானைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே நூறு வண்டிக்கு மேல். கிளம்புகிற அன்று செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கொடுத்தார். என் மூடி. நெளிவை எடுத்து, நான்கு ஓட்டையையும் ஈயம் வைத்து அடைத்திருந்தார். ஸ்டிக்கரை மட்டும் எடுக்கவில்லை. சமையலறையில் விளக்கைப் போட்டால் என் வீட்டு மூடி லாரி மாதிரி மின்னுகிறது. மனைவி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போகியன்று நடந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

ஒருவழியாகத் தொல்லை ஒழிந்தது என்று மறுநாள் நிம்மதியாக யார்டுக்குப் போனேன். மணி ஒன்பது. மொபெட் இல்லை, "வர்லாம், வர்லாம்" இல்லை, நாற்காலியை இழுத்தால் கேட்பாரில்லை. சத்தம் நின்றால் நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அன்று மட்டுமல்ல, இன்றைக்கும் ஒன்பது மணிக்கு கேட்டருகே வந்ததும் நான் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.